கயிறு கட்டிய அறை

எங்கள் ஸ்டூடியோவில் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவர் தொடாதே அண்ணன். நாற்காலியில் உட்காரப் போனால் "தொடாதே", மேஜைமேல் கையை ஊன்றினால் "தொடாதே", அசதியில் ஒரு தூணில் சாய்ந்தால்கூட எங்கிருந்தோ "தொடாதே" என்று குரல் வரும். சாய்ந்தவருக்குத் தூக்கிவாரிப் போடும். அந்தத் தூண் வெறும் அட்டையும் சுண்ணாம்பும்தான் என்பதால், நிமிர்ந்தது அவருக்கும் நல்லதுதான்.

நான் அங்கே நடிகைகளுக்கு முடி அலங்காரம் செய்தவள். கொண்டைக்காரி என்று கேட்டால் வாசல் காவல்காரர் கையைக் காட்டிவிடுவார். ஸ்டூடியோ மதிலுக்குள்ளேயே எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு வரிசை வீடுகள் இருந்தன. என் வீடும் அண்ணன் வீடும் அடுத்தடுத்து, நடுவில் ஒரே சுவர். அவர் தும்மினால் நான் இங்கிருந்து திட்டுவேன். எனக்கென்று குடும்பம் கிடையாது. ஏன் கிடையாது என்பது வேறு கதை, அதை இங்கே இழுத்துக்கொண்டு வரப்போவதில்லை.

அண்ணனின் வேலை, செட்டில் இருக்கிற பொருள்களைக் காப்பது. ஒரு காட்சியை ஒரே நாளில் எடுத்து முடிப்பது எல்லா டைரக்டருக்கும் கைவராது. கதாநாயகன் பாதிக் காபி குடித்திருப்பான், சண்டை பாதியில் நிற்கும், பொழுது போய்விடும். "மிச்சம் நாளைக்கு. கட்டிடுங்க" என்பார் டைரக்டர். உடனே அண்ணன் ஒரு பச்சை நைலான் கயிற்றை எடுத்துவந்து செட்டுக்குக் குறுக்கே கட்டுவார். கட்டிவிட்டால் அதற்குள் முதலாளிகூட நுழையக் கூடாது. கதவு எவ்வளவு திறந்திருந்ததோ அவ்வளவுதான் திறந்திருக்க வேண்டும், செருப்பு கோணலாகக் கிடந்தால் கோணலாகவே கிடக்க வேண்டும். கொஞ்சம் மாறினாலும் படம் காட்டிக்கொடுத்துவிடும். கட்டச் சொன்னவரே திரும்பி வந்து, மிச்சத்தை எடுத்து முடித்து, "கலைச்சிடலாம்" என்று வாய் திறந்து சொன்னால்தான் அண்ணன் கயிற்றை அவிழ்ப்பார். ஸ்டூடியோவைக் கட்டிய பெரிய முதலாளி வைத்த சட்டம் அது.

பெரிய முதலாளி மரக்கடை வைத்திருந்தவர். விற்காத பலகையை என்ன செய்வதென்று தெரியாமல்தான் ஸ்டூடியோ கட்டினார் என்று அவரைப் பிடிக்காதவர்கள் சொல்வார்கள். பிடித்தவர்களும் அதையேதான் சொல்வார்கள், கொஞ்சம் மரியாதையாக. மூன்று ஃப்ளோர்கள், அதாவது படமெடுக்கிற பெரிய கொட்டகைகள், மூன்றுக்கும் தகரக் கூரை. மழை பெய்தால் அந்தச் சத்தத்தில் ஒரு வசனம்கூடப் பதிவாகாது. நடிகர், லைட்காரர், நான், எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எங்கள் ஸ்டூடியோவில் உருவான காதலும் பகையும் பெரும்பாலும் மழைக்காலத்தில் உருவானவை.

அண்ணனின் கல்யாணமும் அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் முடிவாயிற்று. ஆனால் அதற்கு முந்தின மழைக்காலத்திலிருந்து சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஃப்ளோரில் ஒரு பெரிய வீட்டுக் கூடம் போட்டிருந்தார்கள். ஜம்பமாக ஒரு மாடிப்படி மேலே ஏறிப்போய் ஒன்றுமில்லாத இடத்தில் நிற்கும். கதாநாயகி ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்திருக்க வேண்டும், புருஷன் பின்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். காட்சி பாதியில் இருக்கும்போது கதாநாயகிக்கும் பெரிய முதலாளியின் மகன் சின்ன முதலாளிக்கும் ஏதோ வாய்த்தகராறு. அந்த அம்மாள் உடையை மட்டும் மாற்றிக்கொண்டு, நான் போட்ட கொண்டையோடு காரில் ஏறிப் போனவள்தான், வரவே இல்லை. டைரக்டருக்குத் தலைக்கேறிவிட்டது. "கட்டுங்கய்யா! அவ வந்து முடிக்கிற வரைக்கும் இது இப்படியே கெடக்கட்டும்" என்று கத்திவிட்டு அவரும் போய்விட்டார்.

கிடந்தது. மாதக்கணக்கில் கிடந்தது. ஃப்ளோர் முடங்கிப்போகிறதே என்று சின்ன முதலாளி குதித்தார். பெரிய முதலாளி, சட்டம் சட்டம்தான் என்று சொல்லிவிட்டார். அண்ணன் தினமும் காலையில் கயிற்றைத் தாண்டி உள்ளே போவார். அவர் ஒருவருக்குத்தான் அந்த அனுமதி. பெயின்ட் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு பொருள்களை நகர்த்தாமல் தூசி தட்டுவார். கோப்பையிலிருந்த பழைய தேநீரைக் கொட்டிவிட்டு, அதே அளவுக்குப் புதுசு ஊற்றி வைப்பார்.

"யாருண்ணே வந்து குடிக்கப் போறா?" என்று கேட்டேன்.

"குடிக்கறதுக்கா வச்சிருக்கேன்? இருக்கறதுக்கு வச்சிருக்கேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் டைரக்டர் கோபம் தணிந்து வந்து சேர்ந்தார். கதாநாயகி கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போய்விட்டாள் என்று தெரிந்தது. சரி, முதுகைத்தானே காட்ட வேண்டும், வேறு யாரையாவது உட்கார வைத்து எடுத்து முடிப்போம் என்றார். கதாநாயகி கழற்றிப் போட்ட ரவிக்கை யாருக்குப் பொருந்தும்? அதைத் தைத்தவளுக்கே பொருந்தியது. எங்கள் துணி அறையில் தையல் வேலை செய்துகொண்டிருந்தவள், டெய்லரக்கா என்போம். கதாநாயகிக்குப் போட்ட அதே கொண்டையை நான் அவளுக்குப் போட்டேன். போய் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்தாள்.

போனவள் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்று டைரக்டருக்கே மறந்துபோயிருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணன்தான் சொன்னார். "கொஞ்சம் இடது பக்கம். இன்னும் கொஞ்சம். ம். அசையாதீங்க." அவள் அசையவில்லை. கூரையில் மழை விழ ஆரம்பித்தது. மழை நிற்கும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், அவரும் அந்த முதுகைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். மழை விட்டது, ஷாட் எடுத்தார்கள், டைரக்டர் "கலைச்சிடலாம்" என்றார், அண்ணன் கயிற்றை அவிழ்த்தார். அடுத்த மாதம் இருவருக்கும் கல்யாணம்.

"என் மூஞ்சியை யாரு பாத்தா? முதுகைப் பாத்துதான் கட்டிக்கிட்டாரு" என்று அக்கா பல வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அண்ணனின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுகிறேனே, முறை இடிக்கிறதே என்று கேட்காதீர்கள். ஸ்டூடியோவில் முதலில் எப்படிக் கூப்பிட ஆரம்பித்தோமோ அதுதான் முறை.

பிறகு படக்காரர்கள் மலை, கடல், வெளிநாடு என்று கிளம்பிப் போய்விட்டார்கள். அட்டை மாடிப்படி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. பெரிய முதலாளி காலமானார். முதல் ஃப்ளோருக்கு டெலிவிஷன்காரர்கள் வந்தார்கள். முதலில் வினாடி வினா, அப்புறம் சமையல், அப்புறம் ஒரு குடும்பத் தொடர். அது வந்து நங்கூரம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஆரம்பத்தில் மாமியார் வேஷக்காரிக்கு நான் தலையில் வெள்ளைப் பொடி தூவினேன். முடியும் சமயத்தில் அவளுக்கு நிஜமாகவே நரைத்துப்போய், பழைய நினைவுக் காட்சிகளுக்காகக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். என் தலைக்கு யார் பூசினார்கள் என்று கேட்டால், யாருமில்லை.

அந்தத் தொடரில் எந்தக் காட்சியும் அன்றைக்கே முடியாது. முடிந்துவிட்டால் மறுநாள் ஜனங்கள் எதற்குப் பார்ப்பார்கள்? எனவே தினமும் கயிறு. தினமும் அண்ணன் அங்கேயே பழியாகக் கிடந்தார். சாப்பாட்டுக்குக்கூட வருவதில்லை, அக்காதான் தூக்குவாளியில் எடுத்துப் போவாள்.

"அங்க இல்லாத குடும்பத்துக்குக் காவல் காக்கறாரு. இருக்கற குடும்பம் இங்க கெடக்கு" என்று என் வாசலில் நின்று சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் எவ்வளவு அலுப்பு இருந்தது என்று எனக்கும் தெரியும்.

அவர்களுக்கு ஒரே மகள். அந்த வரிசை வீடுகளிலேயே வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். அங்கே பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். அதனாலோ என்னவோ, "நல்லா இருக்கீங்களா?" என்று அவள் கேட்பதுகூட "பிரேக்கைப் போடு!" என்பதுபோல இருக்கும். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அக்கா தவியாய்த் தவித்தாள். போக வேண்டும், இரண்டு பேருமாகப் போக வேண்டும், பத்து நாளாவது இருந்துவிட்டு வர வேண்டும். அண்ணன், இந்தக் காட்சி முடியட்டும், இந்த வாரம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்.

அக்கா அவருக்கு ஒரு சட்டை தைக்க ஆரம்பித்தாள். நீலத்தில் பொடிக் கட்டம் போட்ட துணி. "பேத்தி மொதமொதல்ல தாத்தாவைப் பாக்கும்போது இந்தச் சாயம்போன சட்டையிலயா போய் நிப்பீங்க?"

அன்று காலையில் நடந்ததை அண்ணன் பிற்பாடு ஒருமுறை என்னிடம் சொன்னார். ஒருமுறைதான் சொன்னார். முன்னறையில் ஜன்னலைப் பார்த்துத் தையல் மெஷின். அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கை வைத்துத் தைத்தாயிற்று, மற்ற கை பாதியில் இருக்கிறது. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படியில் நிற்கிறார். அவள் திரும்பாமலே கேட்டாள்: "வர்றீங்களா, இல்லையா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஃப்ளோரில் படப்பிடிப்பு தொடங்குகிற மணி அடித்தது. கிளம்பிப் போய்விட்டார்.

"வந்து சொல்லிக்கலாம்னு நெனச்சேம்மா" என்றார் என்னிடம்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மெஷினில் நூல் தீர்ந்துவிட்டது. அக்கா தையலைப் பாதியில் விட்டு எழுந்தால் ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டுத்தான் எழுவாள். திரும்பி வந்து உட்காரும்போது துணி விலகாமல் இருக்குமாம். அப்படியே இறக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். நூல் வாங்கிக்கொண்டு வரும்போது பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் தலைசுற்றி விழுந்தாள். யாரோ நல்லவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிரயோஜனமில்லை. முகமாவது தெளிவாக இருந்ததே என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அவள் பின்னந்தலைதான் ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

வீடு கொள்ளாமல் ஆட்கள். இடம் போதவில்லை என்று யாரோ தையல் மெஷினை ஓரமாக நகர்த்தப் போனார்கள்.

"தொடாதீங்க!"

அவ்வளவு பேரும் உறைந்து நின்றோம். அண்ணன் விறுவிறுவென்று ஃப்ளோருக்குப் போனார். பச்சைக் கயிற்றோடு திரும்பி வந்தார். ஜன்னல் கம்பியில் ஒரு முனை, கதவுச் சட்டத்து ஆணியில் ஒரு முனை. மெஷின், ஸ்டூல், தரையில் சிந்தியிருந்த துணித் துண்டுகள், ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ கொண்டுவந்து சுவரில் மாட்டியிருந்த பை, எல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போயின. துக்கத்தில் புத்தி தடுமாறியிருக்கிறது, நாலு நாளில் சரியாகிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சரியாகவில்லை. சுவரோரம் ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவுக்குத்தான் வழி விட்டிருந்தார். அதில் ஒடுங்கிப் போய்ச் சமையலறையில் சமைப்பார், அங்கேயே சாப்பிடுவார், அங்கேயே பாயை விரித்துப் படுப்பார். காலையில் பெயின்ட் பிரஷ்ஷோடு கயிற்றைத் தாண்டி உள்ளே போவார். மெஷினைத் தூசி தட்டுவார், சக்கரத்தை அசைக்காமல் எண்ணெய் விடுவார். சட்டைமேல் ஜன்னல் வெயில் விழுந்து விழுந்து, வெளியே தெரிந்த பக்கம் நீலம் வெளுத்துவிட்டது. அதற்கு மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"போதும்ணே, கலைச்சிடுங்க. கண்ணு கொண்டு பாக்க முடியல" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நான் எப்படிம்மா கலைக்கறது? அவ பாதியில விட்டுட்டுப் போயிருக்கா" என்றார். "முடிக்காம எப்படிக் கலைக்கறது?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. செத்தவளை எங்கே போய்க் கூட்டிக்கொண்டு வருவது, என்ன மனுஷன் இவர்! ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக் கத்த முடியவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களிடம் கத்தினேன்.

தொடரும் ஒருநாள் முடிந்தது. மாமியார், மருமகள் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுது, கேக் வெட்டி, காரில் ஏறிப் போனார்கள். செட்டைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகு விளம்பரக்காரர்கள் கொஞ்ச நாள், அப்புறம் அதுவுமில்லை. முதல் ஃப்ளோரில் யாரோ குளிர்சாதனப் பெட்டிகளை அட்டையோடு அடுக்கி வைத்தார்கள். இரண்டாவது ஃப்ளோர் கூரையில் ஓட்டை. மூன்றாவதில் புறாக்கள் குடியிருந்தன. வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாகப் பூட்டு விழுந்தது. கடைசியில் விளக்கு எரிந்தது இரண்டு வீட்டில், அவர் வீடு, என் வீடு.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாமே எனக்குக் கேட்கும். ஒரு தட்டு கழுவுகிற சத்தம். ஒரு டம்ளர் வைக்கிற சத்தம். பிறகு ஒன்றுமே இருக்காது. ரேடியோ கிடையாது, டெலிவிஷன் கிடையாது. அவ்வளவு வருஷம் டெலிவிஷன் வீட்டைக் காத்தவர் தன் வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. தனியாக இருப்பது எனக்குப் பழக்கம். நான் யாரையும் எதிர்பார்க்கவில்லை, எனவே அது என்னைப் பெரிதாகப் படுத்தவில்லை. அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். வருவதற்கில்லாதவளை எதிர்பார்த்துக்கொண்டு ஒரு மனுஷன் சுவரோரமாக ஒடுங்கி ஒடுங்கி நடப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது கொடுமை. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதைவிட, அந்த வீட்டில் யாராவது சத்தமாகச் சிரிக்க வேண்டும் என்று ஆசை.

மகள் வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். அவர் வீட்டில் படுக்க இடமில்லாததால் குழந்தையோடு என் வீட்டில் தங்குவாள். பேத்தி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று எட்டிப் பார்க்கும். "தாத்தா, அந்தச் சட்டைக்கு ஏன் ஒரு கைதான் இருக்கு?" என்று கேட்கும். தாத்தா, பாட்டி தைத்துக்கொண்டிருக்கிறாள் என்பார். மகள் எழுந்து வெளியே போய்விடுவாள்.

"எங்க வீட்டுக்கு ஒரு தடவை வாங்கப்பா" என்று அவளும் கேட்காத வருஷமில்லை.

"வீட்டைப் பூட்டிட்டு வந்தா யாராவது தொட்டுடுவாங்கம்மா."

மகள் வீட்டு வாசல் எந்தத் திசை பார்த்திருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் சின்ன முதலாளி இடத்தை விற்றுவிட்டார். அவருக்கும் வயதாகிவிட்டது, இன்னும் சின்ன முதலாளிதான். அடுக்குமாடி கட்டப்போகிறவர்கள் வந்து அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். வரிசை வீடுகளைத்தான் முதலில் இடிக்கப்போவதாகவும் நாங்கள் இருவரும் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றும் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். வயதான பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் எனக்கு ஓர் அறை கிடைத்தது. அண்ணன் எந்த ஏற்பாடும் செய்துகொள்ளவில்லை. இடிக்கும் இயந்திரம் மதில் ஓரத்தில் வந்து நின்ற பிறகும் அவர் காலையில் பிரஷ்ஷோடு உள்ளே போய்த் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் மகளுக்குப் போன் போட்டேன்.

அவள் ஒரு வேனை ஓட்டிக்கொண்டு தானே வந்தாள். வந்து இறங்கியதும் நேரே அப்பாவிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"கிளம்புங்கப்பா. நாளைக்கு இடிக்கிறாங்க."

"இடிக்கட்டும்."

"இடிக்கட்டும்னா? நீங்க எங்க இருப்பீங்க?"

"உள்ள இருப்பேன்."

விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். மகள் என்னைப் பார்த்தாள்.

"அத்தை, நீங்களாவது சொல்லுங்க."

"அண்ணே, புள்ள கூப்பிடுது. மெஷினையும் வேன்ல ஏத்திக்கலாம். சட்டையையும் எடுத்துக்கலாம். எல்லாத்தையும் எடுத்துக்கலாம்."

"எடுத்தா கலைஞ்சுடும்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பாதியில இருக்கும்மா. பாதியில இருக்கறதை எப்படி எடுக்கறது?"

மகள் கயிற்றையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் அந்த ஸ்டூடியோவில் வளர்ந்தவள்தான், சட்டம் அவளுக்கும் தெரியும்.

"பாதியிலதானே இருக்கு? முடிச்சிட்டுப் போவோம்" என்றாள்.

சொன்ன கையோடு காலைத் தூக்கிக் கயிற்றைத் தாண்டினாள்.

"தொடாதே!"

புறாக்கள்கூடக் கலைந்திருக்கும், அப்படி ஒரு சத்தம். தொடர் முடிந்த பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. மகள் காதில் வாங்கவில்லை. சுவரில் தொங்கிய பையை எடுத்தாள், அதற்குள் கையை விட்டாள். அக்கா வாங்கிய நூல் கண்டு வந்தது. காகிதம் சுற்றியபடியே இருந்தது. பிரித்தாள். சட்டை வெளுத்துவிட்டிருந்தது, நூல் மட்டும் வாங்கிய அன்றைக்கு இருந்த அதே நீலம்.

"நூல் வாங்கிட்டுதாம்ப்பா வந்திருக்காங்க" என்றாள். "உக்காந்து தைக்கத்தானே வாங்கினாங்க?"

அண்ணன் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடியும் "தொடாதே" என்று சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மகள் நூல் கோத்தாள். சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்தது, கை மறக்கவில்லை. வேன் ஓட்டி வந்த புழுக்கத்தில் முடியை அள்ளி உச்சியில் ஒரு முடிச்சாகப் போட்டிருந்தாள். ஸ்டூலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

நான் கொண்டைக்காரி. ஒரு பின்னங்கழுத்தை ஒருமுறை பார்த்தால் எனக்கு மறக்காது. அதே கழுத்து, அதே முதுகு. அன்றைக்கு இரண்டாவது ஃப்ளோரில் ஜன்னலோரம் உட்கார வைத்தோமே, அவளேதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் கயிற்றை விட்டுவிட்டு அரை அடி பின்னால் வந்தார்.

"கொஞ்சம் இடது பக்கம்" என்றார், மெதுவாக.

வெளிச்சத்துக்காகச் சொல்கிறார் என்று மகள் நினைத்திருப்பாள். நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம். ம். அசையாதே."

அவள் மிதிக்க ஆரம்பித்தாள். மெஷின் ஒருமுறை கிறீச்சிட்டது, பிறகு ஓடியது. அவர் விட்ட எண்ணெய் வீண்போகவில்லை. தையல் மட்டும் அங்கே இங்கே கோணிக்கொண்டு போயிற்று. அக்கா பார்த்திருந்தால் பிரித்துப்போட்டிருப்பாள். முக்கால்வாசி வந்ததும் மகளுக்குப் பொறுமை போய்விட்டது. தையலிலிருந்து கண்ணை எடுக்காமல், திரும்பாமல், கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற அதே அதட்டலில் கேட்டாள்:

"வர்றீங்களா, இல்லையா?"

அக்கா கடைசியாகக் கேட்டது என்ன என்று அவளுக்குத் தெரியாது. அண்ணன் அவளிடம் சொன்னதே இல்லை. தெரிந்தவர்கள் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எந்த மணியும் அடிக்கவில்லை.

"வரேன்" என்றார் அண்ணன். அந்த முதுகைப் பார்த்து இன்னொருமுறை சொன்னார். "வரேம்மா. கண்டிப்பா வரேன்."

மெஷின் நின்றது. மகள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இரண்டு கையும் வைத்த சட்டையை உதறிக்கொண்டே திரும்பினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் கோபம் பாதியாகக் குறைந்தது, மீதிப் பாதி இருந்தது.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லப்பா?"

"சொல்லியிருக்கலாம்மா" என்றார்.

பிறகு ஜன்னலுக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தார்.